அட்டையில ஏறாத உருப்படிங்க

வாங்க மாப்ளே, இப்பிடி உக்காருங்க. திண்ணை உங்களுதுதான், இருந்தாலும் மூணு நாளா நான்தான் காவல். ஆடி நோம்பிக்கு ஒறம்பரையா வந்தவன் ஒப்புட்டைத் தின்னமா, பல்லடம் சந்தையைப் பாத்தமா, பஸ் ஏறுனமான்னு இருக்கோணும். கெழடு அப்பிடி இருக்குமுங்களா? பேத்தியக் கட்டிக் குடுத்த எடம் வேற. நாலு வார்த்தை சொல்லாமப் போனா உங்களுக்கே பொக்குன்னு போயிருமில்லீங்க?

மொதல்ல மெச்சிக்கறேன். உங்க கோழிப் பண்ணையைப் பாத்து அசந்து போனேனுங்க. அஞ்சாயிரம் குஞ்சு! ஒரு நாள் வயசுல, 40 கிராம் எடையில, பொட்டியில வந்து எறங்குது. எறங்கறதுக்கு முன்னாடியே நீங்க நார்க்கழிவைப் பரப்பி, அதும்மேல பேப்பரை விரிச்சு, சுத்தித் தகடு கட்டி, குண்டு பல்ப்பைத் தொங்கவுட்டுக் கதகதன்னு சூடு பண்ணி வெச்சிருக்கீங்க. எங்காத்தா என்னையப் பெத்தப்ப ஒரு சாக்கைக்கூட ஆரும் விரிச்சு வெக்கலீங்க.

ஏழாம் நாளு கண்ணுல சொட்டு மருந்து. பதினாலாம் நாளு தண்ணியில மருந்து. காத்தடிச்சா படுதாவைச் சாத்தறீங்க, வேக்காடுன்னா சுருட்டறீங்க. உள்ள நொழையறதுக்கு முன்னால மருந்துத் தண்ணியில காலை முக்குங்கன்னு என்னையவே நிறுத்திப் போட்டீங்க. 82 வயசுல மொத மொதலா ஒருத்தர் எங்காலைப் பாத்து அழுக்குன்னு சொல்லிப் போட்டாரு. போச்சாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது வாசல்ல தொங்குதே அந்த அட்டைதானுங்க. இன்னைக்கு எத்தனை மூட்டை தீவனம் போச்சு, எத்தனை உருப்படி செத்துச்சு, வாரத்துக்கு எடை எத்தனை கூடுச்சு, எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்குது. கம்பெனி சூப்பர்வைசர் வந்தா கோழியப் பாக்கறதுக்கு முந்தி அட்டையத்தான் பாக்கறாரு. முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எதோ ஒரு கோழி கொர்ர்ருன்னு தும்முச்சுன்னு டார்ச்சை எடுத்துட்டு வேகுவேகுன்னு ஓடுனீங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

உங்கம்மாவும் ராத்திரி முச்சூடும் இருமுறாங்க. டார்ச்சைத்தான் காணமுங்க.

கோவிச்சுக்காதீங்க. சம்பந்தியம்மாகிட்டக் கேட்டேன், எத்தனை நாளா இருமலுன்னு. "அது கெடக்குதுங்க, ஒரு மாசமிருக்கும்"ங்கறாங்க. ரெண்டு வாரம் தாண்டுன இருமலுக்குச் சளி எடுத்துப் பாக்கோணும்னு ஆசுபத்திரிச் செவுத்துல கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க. பல்லடம் அரசாசுபத்திரிக்குப் போனாக் காசு கூட வாங்க மாட்டாங்க. ஒரு கோழி தும்முனா மத்த நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுக்கும் ஒட்டிக்குமுன்னு தெரிஞ்ச மனுசன் நீங்க. ஊட்ல அஞ்சே உருப்படி. எண்றதுக்கு அதென்ன செரமமுங்க?

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட் அஞ்சாந்தேதி கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்கல்ல, அதுல வேலை செய்யற நர்சம்மிணி நேத்து இங்கயும் வந்துச்சு. கையில பிரசர் மிசினு, பையில மாத்திரை. அந்தத் திட்டத்துக்கு 2024-ல ஐ.நா. சபை விருதே குடுத்துருக்குதுங்க. விருது வாங்குன திட்டம் வாசல்ல வந்து நிக்குது. சம்பந்தியம்மா மொளகாயை வாரிக்கிட்டு, "எனக்கென்ன குத்தம், நல்லாத்தான் இருக்கறேன், எங்க சம்பந்தியப் பாருங்க"ன்னு என்னையக் காட்டிப் போட்டு பொடக்காளிப் பக்கம் போயிட்டாங்க. மருந்து மக்களைத் தேடி வருது, மக்கள் மறைவைத் தேடிப் போறாங்க. எனக்கு மட்டும் சக்கரை பாத்தாங்க. எத்தனைன்னு அப்பறம் சொல்றேன்.

இப்ப எம்பேத்தி கதைக்கு வாங்க. ஞாயித்துக்கெழமை கறி ஆக்குனாளுங்க. பையனுக்குத் தொடை, உங்களுக்கு நெஞ்சுக்கறி, எனக்கு ஈரலு. அவ வட்டல்ல கழுத்து. கோழிப் பண்ணைக்காரர் பொண்டாட்டிக்குக் கழுத்துத் துண்டு! 2019-21-ல தேசியக் குடும்ப நல ஆய்வுன்னு ஒண்ணு எடுத்தாங்க. தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் நூறு பொம்பளைங்களைப் பாத்தா 53 பேருக்கு ரத்தசோகை. ஆம்பளைங்கள்ல இருவது பேருக்குத்தான். மாசாமாசம் போறதும் புள்ளைப்பேறும் ஒரு காரணம்னு அந்த நர்சம்மிணி சொல்லுச்சு. செரி. மிச்சக் காரணம் சட்டிக்கு அடியில இருக்குதுங்க. எல்லாரும் தின்ன பொறகு மிஞ்சுனதுதானே அவளுக்கு? உங்க பண்ணையில ஒரு கோழியாவது மத்ததெல்லாம் தின்னு முடிக்கட்டும்னு ஓரமா நிக்குதுங்களா? நின்னா சூப்பர்வைசர் சீக்குன்னு எழுதிப் போடுவாரு.

இங்கதான் ஒரு சிக்கல். கோழி மாதிரி ஊட்டைப் பாத்துக்குங்கன்னு நான் சொல்ல வந்தா, ஒரே ஒரு ஆளை மட்டும் நீங்க ஏற்கெனவே அப்பிடித்தான் வளத்தறீங்க. உங்க பையன்.

டவுனுக்காரங்க பேசிக்குவாங்க, கறிக்கோழிக்கு ஊசி போட்டு ஊத வெக்கறாங்கன்னு. அஞ்சாயிரம் கோழியப் புடிச்சு ஒண்ணொண்ணுக்கா ஊசி குத்தறதுக்கு எவனுக்குங்க நேரமிருக்குது? ரகம் அப்பிடி, தீவனம் அப்பிடி. அதோட ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி எடம். ராத்திரியிலயும் லைட்டு எரியோணும், முழிச்சிருந்தாத்தான் திங்கும். தீனியும் தண்ணியும் மூக்குக்கு முன்னால. நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வந்துருது. ஊசியே வேண்டாம், உக்கார வெச்சாப் போதும்.

உங்க பையனைப் பாருங்க. சோபாவுல ஒரு சதுர அடி. மூஞ்சிக்கு நேரா போன் வெளிச்சம், ராத்திரி பதினோரு மணி வரைக்கும். எட்டற தூரத்துல ஒரு பாக்கெட்டு. குஞ்சுக்குக்கூட ப்ரீ ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர், கடைசியில பினிஷர்னு வயசுக்குத் தக்கன தீவனம் மாத்தறீங்க. ஒம்பது வயசுப் பையனுக்கு நேரா பினிஷரையே அவுத்துக் கொட்டிட்டீங்க. புள்ளைங்க நாளைக்கு ஒரு மணி நேரமாச்சும் ஓடியாடி ஆடோணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவன் ஓடுனதை இந்த மூணு நாள்ல ஒரே ஒருக்காத்தான் பாத்தேன்: சார்ஜர் எடுக்க.

அதுக்காக எங்க காலத்துல களியும் கம்பஞ்சோறும் தின்னு எல்லாரும் நூறு வயசு இருந்தோம்னு கதை வுட மாட்டேனுங்க. எங்கய்யன் 46-ல போயிட்டாரு. எங்காத்தா பெத்தது ஒம்பது, நின்னது நாலு. அம்மைக்கும் காலராவுக்கும் போனவங்களைக் கேட்டா, தடுப்பூசியும் ஆசுபத்திரியும் எட்டற காலத்துலயே பொறந்திருக்கலாம்னுதான் சொல்லுவாங்க. களி நல்லதுதான், ஆனா களியத் தின்னுட்டு நாங்க எட்டு மணி நேரம் கெணத்துல கவலை எறைச்சோம். நீங்க களியத் தின்னுட்டு அதைப் போட்டோ எடுக்கறீங்க.

இன்னொண்ணு பாத்தேன். எனக்குச் சக்கரைன்னு சொல்லித் தனியாக் கொள்ளுப் பருப்பு, தனியாக் கீரை, உப்பு கம்மி. நீங்கெல்லாம் பரோட்டா வாங்கியாந்து நடுவுல வெச்சுத் திங்கறீங்க. இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சக்கரை இருக்குதுன்னு 2023-ல ஐசிஎம்ஆர்காரங்க கணக்குச் சொன்னாங்க. அந்தப் பத்துக் கோடிப் பேரும் ஒரு காலத்துல பரோட்டாப் பக்கம் உக்காந்து, கீரை திங்கற கெழவனைப் பாத்துச் சிரிச்சவங்கதானுங்களே. ஒரு நாளைக்கு எனக்காக நீங்க கீரை தின்னுங்க, உங்களுக்காக நான் பரோட்டா தின்னுக்கறேன். யாவாரம் செரியாப் போச்சு.

பல்லடத்துல கமிட்டி கறிக்கோழி வெலை அறிவிச்சவொடனே போனை நோண்டிப் போட்டு, பத்து ரூவா எறங்கிருச்சுன்னு நெஞ்சைப் புடிச்சீங்களே, அதையும் பாத்தேன். கோழி கம்பெனியோடது, குஞ்சும் தீவனமும் அவங்களுது, உங்களுக்குக் கெடைக்கறது கிலோவுக்கு இத்தனைன்னு வளப்புக் கூலி. அடுத்தவன் ஊட்டுப் பந்தலுக்கு நீங்க காலு புடிச்சு நிக்கறீங்க. நீங்களும் அந்த நர்சம்மிணிகிட்ட ஒருக்காக் கையை நீட்டுனா என்னங்க? 38 வயசு, சின்னப் பையனில்லீங்க.

பண்ணையில போன பேட்ச் அட்டை ஒண்ணு பின்பக்கம் வெறுமையாக் கெடந்துச்சு. எடுத்து ஆணியில தொங்க வுட்டுட்டேனுங்க, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துல. உருப்படி அஞ்சு. மொத வரியில எம்படதை நானே எழுதிப் போட்டேன்: எடை 58, வெறும் வவுத்துச் சக்கரை 190, தின்ன ஒப்புட்டு மூணு. நர்சம்மிணிகிட்ட ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துப் போடாதீங்க. ரெண்டாவது வரி சம்பந்தியம்மாளுது. காலையில ஆசுபத்திரி தொறந்துருவாங்க, நீங்களே வண்டியில உக்கார வெச்சுக் கூட்டிப் போங்க. கோழிக்கு நான் தண்ணி வெச்சுக்கறேன், காலை முக்கிட்டுத்தான் போவேன்.