கப்பல் லேட்டு

இன்னும் ஏன் ஃபிலிம் கேமரா என்று யாராவது கேட்டால் சொல்ல, நல்ல பதில் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன். ஒரு ரோலில் 36 படம்தான், அதனால் யோசித்து எடுப்போம். வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் கலர் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும், டிஜிட்டலில் வானம் வெளுத்தால் வெளுத்ததுதான். இரண்டும் உண்மை. ஆனால் என் காரணம் வேறு. ரோலைக் கழுவி வரும்வரை நான் நல்ல போட்டோகிராபர். டிஜிட்டலில் அந்தப் பெருமை அரை நொடி தாங்காது.

நான் இருக்கும் அந்தமானின் டாலிகஞ்சிலிருந்து என் ரோல்கள் சென்னைக்குப் போய்த்தான் கழுவப்படுகின்றன. போய்த் திரும்பும்வரை வீட்டில் எனக்கு ஏக மரியாதை.

கேமரா, யாஷிகா எலக்ட்ரோ 35. இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தை அளக்கும் கண்ணும் தனியாக மேலே இருக்கிறது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் எல்லாம் பிரமாதமாகத் தெரியும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. மறந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய கூத்து, டாலிகஞ்ச் முக்கில் மழை விட்ட வெளிச்சத்தில் டீக்கடைக்காரரை எடுத்த ரோல். ஃபிலிம் நுனி சுருளில் மாட்டவே இல்லை. மாட்டியிருந்தால் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்துக் குமிழும் சுழல வேண்டும். நான் அதைப் பார்க்காமல், எண்காட்டி 36-ஐத் தாண்டியதும் போனஸ் என்று மகிழ்ந்தேன். திரும்பி வந்தது படமே இல்லாத ஆரஞ்சு நாடா. ஓரத்தில் கம்பெனி பெயரும் எண்களும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அவையும் இல்லாதிருந்தால் கழுவியவர் தலையில் பழியைப் போட்டிருக்கலாம்.

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை இன்று ஓடிக்கொண்டிருந்தால் என் வெற்று ரோலாவது சுதேசியாக இருந்திருக்கும். வெளிநாட்டு ரோல் விற்கிற விலையில் ஒன்றுமே விழாதது நிஜமாகவே வலிக்கிறது.

டீக்கடைக்காரர் விடவில்லை.

"அண்ணே, படம் வந்துச்சா?"

"கப்பல் லேட்டுப்பா." அந்தமானில் இதற்கு மேல் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

"வெங்காயம் வந்துருச்சேண்ணே."

நான் டீயில் மும்முரமானேன். அவர் தன் போனை நீட்டினார். "பரவால்ல, இதுல ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். ஓரத்தில் என் விரல் விழுந்திருந்ததை அங்கேயே, அப்போதே பார்த்துவிட்டார்.