பலகைப் பிரபு

லண்டன் மாநகரத்தின் புறநகர்ப் பகுதிகளில், காலை எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், நடைபாதையில் சற்று ஒதுங்கி நின்று கவனிப்பவருக்கு, பாராளுமன்றத்தையும் அரண்மனையையும் விடப் பார்க்கத் தகுந்த ஒரு பிரமுகரின் பவனி செலவில்லாமல் காணக் கிடைக்கும். முன்னால் ஒரு குழந்தை வண்டி. அதற்குள் போர்வையில் சுருண்டு, உலக விவகாரங்களில் எவ்விதப் பற்றுமில்லாமல் உறங்கும் ஒரு சிசு. வண்டியின் பின்புறத்தில் இரண்டு கொக்கிகளால் பிணைக்கப்பட்டு, சின்னஞ்சிறு சக்கரங்களின்மேல், தரையை ஒட்டினாற்போல் உருண்டு வரும் ஒரு பிளாஸ்டிக் பலகை. அந்தப் பலகையின்மேல் வண்டியின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நேரே நோக்கியபடி நிற்பவர்தாம் நான் சொல்லும் பிரமுகர். வயது மூன்று, அல்லது மூன்றேகால். அவருக்கும் பின்னால் கைகளை நீட்டி, இடுப்பை வளைத்து, கால்களை அகற்றி வைத்து, சேற்றில் நடப்பவர்போல் வருகிற ஜீவன் ஒன்று உண்டு. அது தாயாகவோ தந்தையாகவோ இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரபுவின் பூர்வ சரித்திரம் மிகவும் சோகமானது. சில வாரங்களுக்கு முன்பு வரை அந்த வண்டியின் மெத்தை ஆசனம் ஏகபோகமாக அவருடையதாகவே இருந்தது. மழைக்கு மூடுசீலையும், வெயிலுக்குக் குடையும், கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்கோத்தும் அவருக்காகவே ஏற்பட்டிருந்தன. அப்படியிருக்கையில், ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிறு மூட்டை வந்து சேர்ந்தது, யாருடைய சம்மதமும் கேளாமல் அது ஆசனத்தில் அமர்த்தப்பட்டது, “நீதான் இப்போது பெரிய பையனாயிற்றே!” என்ற ஒரே வாக்கியத்தில் இவருடைய ஆட்சி முடிந்தது. பெரிய பையனின் கால்களோ இரண்டு வீடு தூரம் ஓடவும், மூன்றாவது வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடவும் மட்டுமே பயின்றவை. இரட்டை ஆசன வண்டி வாங்கலாமென்றால், அது பல கடை வாசல்களுக்குள் நுழைவதில்லை. பதவி போன மந்திரியைத் தெருவில் விட்டால் உபத்திரவம் அதிகம் என்று கருதி, அவருக்குக் கவர்னர் உத்தியோகம் கொடுத்து மாளிகையில் அமர்த்துவது ராஜதந்திரிகளின் வழக்கமல்லவா? அந்த யுக்தியைத்தான் பெற்றோர்களும் கையாளுகிறார்கள். பக்கி போர்டு என்று அந்நாட்டில் வழங்கும் பலகை வீட்டுக்கு வருகிறது.

ஆனால் கவர்னர் மாளிகையில் சும்மா இருப்பார் என்று அவர்கள் நம்பியதுதான் பிசகு. பழைய ஆசனத்தில் இடுப்புக்கும் தோளுக்கும் வார் உண்டு. பலகையில் நிற்பவரைக் கட்டுப்படுத்துவதற்கு ஒரு நூலும் கிடையாது. ஆசனத்தில் இருந்தபோது அவருக்கு எதிரே வருகிறவர்களின் முழங்கால்களே தெரிந்தன; இப்பொழுதோ வீதி முழுவதும் தெரிகிறது. போதாக்குறைக்கு, தம்மைப் பதவியிலிருந்து இறக்கிய தங்கை கண்ணுக்கெதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பரிபூரணமாகத் தம் மேற்பார்வையில் கிடக்கிறாள். பொறுப்பு ஒன்றுமில்லாத அதிகாரத்தின் ருசியை இந்தப் பிரபு இரண்டே நாளில் கண்டுகொள்கிறார். “அம்மா, பாப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்!” என்று தெருமுனைக்குக் கேட்கும்படி அவர் அறிக்கை சமர்ப்பிப்பார், அந்த அறிக்கையின் வலிமையாலேயே பாப்பா கண்ணைத் திறந்துவிடுவாள், உடனே, “அம்மா, பாப்பா அழுகிறாள்!” என்று இரண்டாவது அறிக்கை வெளியாகும். இரண்டும் உண்மையாக இருப்பதால் அவரைத் தண்டிக்கவும் வழியில்லை.

வண்டி எங்கே நிற்கவேண்டும் என்பதும் அவருடைய இலாகாவே. மழை பெய்து ஓய்ந்த காலையில் நத்தைகள் நடைபாதையைக் கடக்கும். ஒவ்வொரு நத்தைக்கும் தரிசனம் தந்துவிட்டுத்தான் பவனி நகரும். இலையுதிர்காலத்தில் குதிரைச் செஸ்ட்நட் மரத்தடியில் பளபளக்கும் காய்கள் உதிர்ந்து கிடக்கும். அந்தச் சமயம் எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஓடுகிற வண்டியிலிருந்து அவர் கீழே குதிப்பார். இனி நடப்பார் போலும் என்று தாய் மகிழ்ந்து, பலகையைத் தூக்கி வாரில் மாட்டிய மறுகணமே, பலகையின்றி ஓரடியும் எடுத்துவைப்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறிவிடும். பலகை கீழே இருக்கும்போது ஓட்டமும், மேலே மாட்டியிருக்கும்போது பிரயாண ஆசையும் உண்டாவது இந்த இனத்தின் தவறாத லட்சணம். இன்னொரு லட்சணமும் உண்டு: ஒரு காலைப் பலகையில் ஊன்றி, மற்றொரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வருவது. தாமே வண்டியை நிறுத்துவதாக அதற்கு அர்த்தம். ஜோடிச் செருப்பில் ஒன்று புத்தம் புதிதாகவும், மற்றொன்று நுனி கிழிந்தும் இருக்கும் பையனைக் கண்டால், அவன் வீட்டுக் கூடத்தில் பலகை ஒன்று இருப்பதாகத் தயங்காமல் முடிவு செய்யலாம்.

இங்கிலீஷ்காரர்களுக்குக் குழந்தை வண்டி நெடுநாளைய விஷயம். வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1733இல் டெவன்ஷைர் பிரபுவின் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவத்தில் செய்த வண்டியை ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும்படி அமைத்திருந்தார். பெற்றோருக்கு அதில் வேலையே இல்லை. அந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தார் ஏன் கைவிட்டார்கள் என்பது பலகை தள்ளும் தகப்பன்மார் கேட்கவேண்டிய கேள்வி. சென்ற நூற்றாண்டின் நடுவிலே கப்பல் போன்ற பெரிய பிராம்களின் குறுக்கே ஒரு சிறு பீடம் பொருத்தி, மூத்ததை அதன்மேல் உட்கார்த்தித் தள்ளினார்கள். பிறகு ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன், 1965இல் அலுமினியக் குழாய்களால் ஏறத்தாழ 6 ராத்தல் எடையில் மடக்கு வண்டியைச் சமைத்து, தாய்மாரின் பாரத்தைக் குறைத்தார். அவர் அரும்பாடுபட்டுக் குறைத்த பாரத்தை, அவருக்குப் பின்வந்த தலைமுறை வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு விட்டது. பின்புறம் திறந்த மேடையில் நின்றுகொண்டு காற்று வாங்கிய பிரயாணம் லண்டன்காரருக்கு ரூட்மாஸ்டர் பஸ்களோடு போயிற்று. 1956இல் ஓடத் தொடங்கிய அவை 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலகின. அந்த இன்பத்தை இன்று தொடர்ந்து அனுபவிக்கிறவர் நமது பிரபு ஒருவரே.

இனித் தள்ளுகிற ஜீவனுக்கு வருவோம். சாதாரண வண்டியைத் தள்ளும்போது மனிதன் தன் இயற்கையான நடையில் நடக்கலாம். பலகை வந்தபின் அவன் பாதம் போகவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் விளிம்பு இருக்கிறது. நீளமாக எட்டி வைத்தால் முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பில் இடிக்கும். குறுக்கி வைத்தால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். காலை அகற்றி வைத்து நடப்பவர் ஒரு சாரார். பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கையால் தள்ளுபவர் மற்றொரு சாரார். உயரமான தகப்பன்மார் இரண்டையும் பரீட்சித்துவிட்டு, இரண்டு முறையிலும் இடித்துக்கொள்கிறார்கள். கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் நடுவே பையன் நிற்பதால் கை நீண்டு முதுகு வளைகிறது. பாரம் முழுவதும் பின்சக்கரத்தில் விழுவதால், முன்சக்கரம் இலேசாகி, திருப்பத்தில் சொன்னபடி கேட்பதில்லை. வேறு கம்பெனியின் பலகையைப் பூட்டினால் வண்டிக்குக் கொடுத்த உத்தரவாதம் செல்லாது என்று வண்டி செய்தவர்களில் சிலர் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பது, இந்தத் துன்பத்துக்கு மேல் ஓர் அலங்காரம்.

ஊராரின் அநுதாபமோ முற்றிலும் தவறான முகவரிக்குப் போய்ச் சேருகிறது. எதிரே வரும் கிழவியம்மாள் நின்று, “அடடா, எவ்வளவு ஒய்யாரமாகப் போகிறாய், கண்ணே!” என்று பலகையில் நிற்பவரிடம் சொல்வாள். சற்றுக் கண்டிப்பான மற்றொருத்தி, “இவ்வளவு பெரியவன் நடக்கக் கூடாதோ?” என்று தாயின் காதில் விழும்படி ஆகாயத்தைப் பார்த்துக் கேட்பாள். பிரபு இருவரையும் ஒரே கம்பீரத்துடன் கடந்து செல்வார். நடை பழகுவது தேகத்துக்கு நல்லதென்ற கண்டிப்புக்காரியின் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கைக்குழந்தையோடும் மூன்று வயதுப் பையனோடும் ஒரு மைல் தூரத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் கடக்கவேண்டிய நிர்ப்பந்தம் அவளுக்கு நேர்ந்து நெடுங்காலம் ஆகியிருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

பிரபுவின் பதவிக்காலம் நீண்டதல்ல. சாதாரணப் பலகை ஏறக்குறைய 20 கிலோ எடைதான் தாங்கும். நாலு வயது நிறைந்தபின் வரும் செப்டம்பரில் பள்ளிக்கூடமும் தொடங்கிவிடும். அதன்பின் அவருக்கு ஒரு கால்வண்டி ஸ்கூட்டர் வாங்கித் தருகிறார்கள். அதுவும் பாதி வழியில் தாயின் தோளில் ஏறிக்கொள்ளும். அந்நாட்டுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இத்தகைய பவனி பஸ் நிறுத்தத்திலோ, ரயில்நிலையப் படிக்கட்டிலோ எதிர்ப்பட்டால், பலகையில் நிற்பவரைப் புகழவேண்டாம், அவருக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்திருக்கிறது, வண்டியின் முன்புறத்தைக் கைகொடுத்துத் தூக்கிவிடுங்கள்.