எமகண்டத்தில் வந்த வெண்கலம்

ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். 44-வது செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழாவோ 2022 ஜூலை 28, ஆடி அமாவாசை. மறுநாள் வெள்ளி, மாமல்லபுரத்தில் முதல் சுற்று பிற்பகல் 3 மணி. தினசரி காலண்டர்படி சுத்தமான எமகண்டம். கடைசிச் சுற்று ஆகஸ்ட் 9, செவ்வாய் காலை 10 மணி, அதுவும் எமகண்டம். போட்டிச் சின்னமான குதிரைக்கு வேட்டி கட்டி 'தம்பி' என்று பெயர் வைத்தவர்கள் காலண்டரையும் கொஞ்சம் கிழித்துப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவுக்கு ஓபனிலும் மகளிரிலும் வெண்கலம். ஓபனில் வெண்கலம் வென்ற அணியின் பிரக்ஞானந்தாவுக்கு அடுத்த நாளே 17-வது பிறந்தநாள்.

"எமகண்டத்துல ஆடினா வெண்கலம்தான் சார்" என்றார் எங்கள் தெரு ஜோசியர்.

அதே நேரத்தில் ஆடிய உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கமாயிற்றே?

"அவங்க ஊர்ல எமகண்டம் வேற நேரம் சார்."