மொட்டைமாடி மாஸ்டர்

மாஸ்டருக்கு வயது பதினாறு. பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. சீடர் எண்ணிக்கை ஒன்று. அந்தச் சீடன் நான்காம் வகுப்பு படிக்கும் சொந்தத் தம்பி. கலை ஆர்வத்தால் வந்து சேர்ந்தவனல்ல, அடிவாங்க ஆள் தேவைப்பட்டதால் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். சம்பளம், தினம் ஒரு கமர்கட். பயிற்சிக்கூடம் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் இடையில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தலைக்கு மேலே தொம் தொம் என்று கேட்டால், கீழ்வீட்டுக்காரர் முன்பெல்லாம் பூகம்பமோ என்று வாசலுக்கு ஓடுவார். இப்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.

இந்த ரக மாஸ்டர் தெருவுக்கு ஒருவர் எப்போதும் உண்டு. காலத்துக்குக் காலம் குருநாதர்தான் மாறுவார். 'என்டர் தி டிராகன்' நம் ஊர்க் கொட்டகைகள் வரை வந்து சேர்ந்த காலத்தில், முடியை நெற்றியில் இழுத்துவிட்டு, கட்டைவிரலால் மூக்கைத் தேய்த்தபடி கீச்சுக்குரலில் கத்தியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அடுத்து வாடகை வீடியோ கேசட்டில் ஜாக்கி சான் வந்தார். 2011 தீபாவளிக்கு 'ஏழாம் அறிவு' வந்ததும் நோக்கு வர்மம். அந்த வருஷம் தெருநாய்களை முறைத்துப் பார்த்த மாஸ்டர்கள் பலர். நாய்களுக்கு வர்மம் தெரியாது, முறைத்தால் கடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். இந்தக் கலையில் செலவில்லாமல் கிடைத்த முதல் விஷயம் அதுதான். 2020 பொங்கலுக்கு 'பட்டாஸ்' வந்து அடிமுறை. மறு வருஷம் 'சார்பட்டா பரம்பரை' வீட்டுத் திரைக்கே வந்து சேர, பாட்டியின் நூல்சேலையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டது ஒரு கூட்டம். பாட்டிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

நம் மாஸ்டர் இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கற்றவர். குரு, ஐந்தரை அங்குலத் திரைக்குள் இருக்கிறார். அன்று ஏகலைவன் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தான்; இவர் அதே விரலால் ஒரு லைக் போட்டுவிட்டுக் கடனைத் தீர்த்துவிடுகிறார்.

ஆனால் இந்தக் குருவிடம் இரண்டு சங்கடங்கள். ஒன்று, நாளுக்கு ஒன்றரை ஜிபி. எதிரி குத்த வருகிறான், அதை இப்படித் தடுக்க வேண்டும் என்று ஆசிரியர் கையைத் தூக்கும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். இரவு பன்னிரண்டு அடிக்கும்வரை எதிரி ஓங்கிய கையோடு அப்படியே நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, ஆசிரியர் வலக்கையை நீட்டினால், எதிரே நிற்கும் இவர் இடக்கையை நீட்டுவார். ஷோட்டோகான் கராத்தேயில் ஆரம்ப மாணவருக்கான கட்டா ஹெய்யான் ஷோடான். 21 அசைவுகள். மாஸ்டர் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை இடம் வலம் மாற்றி, ஒரு பிழையில்லாமல் கற்றுவைத்திருக்கிறார்.

தளவாடங்கள் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. பிளம்பர் விட்டுப்போன பைப்புத் துண்டு இரண்டு, நடுவே நாய்ச் சங்கிலி; இதுதான் நன்சாக்கு. சுழற்றுகிற வேகத்தில் அது எதிரியை ஒருநாளும் தொட்டதில்லை. சுழற்றியவரின் பின்மண்டையைத் தொடாத நாளும் இல்லை. குத்துப்பை, ஒரு சிமென்ட் சாக்கு. ஆற்று மணல் விற்கிற விலைக்கு அதை எங்கே போய் நிரப்புவது? எதிர்மனையில் வீடு கட்டுபவர் கொட்டி வைத்திருந்த எம்-சாண்டுதான் கைகொடுத்தது. மணல் மூட்டைக்கு ஒரு குணம் உண்டு. தொங்கவிட்டால் மணல் அடியில் இறங்கி, கல்லாக இறுகிப்போகும். அதனால்தான் நல்ல குத்துப்பைகளில் கிழிதுணியைத் திணிக்கிறார்கள். இதை மாஸ்டருக்கு எந்த வீடியோவும் சொல்லவில்லை. புத்தூர்க் கட்டுப் போட்டவர்தான் சொன்னார்.

மாஸ்டருக்குக் 'கராத்தே கிட்' படம் மனப்பாடம். 1984இல் வந்த பழைய படம்தான் ஒரிஜினல் என்பார். அதில் வரும் மியாகி கிழவர், பையனைக் கார் துடைக்க வைத்து, வேலிக்கு வர்ணம் அடிக்க வைத்து, அந்தக் கையசைவிலேயே தற்காப்பைப் புகட்டிவிடுவார். அந்தக் காட்சியில் மாஸ்டருக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் அம்மா, "டேய், அப்பா வண்டியைத் துடைச்சு வச்சுட்டு, அந்த ரெண்டு குடத்தையும் மேல தூக்கிட்டு வா" என்றால், அது கொத்தடிமைத்தனம்.

"புரூஸ் லீக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா? தானா கத்துக்கிட்டவரு" என்பது மாஸ்டரின் பிரம்மாஸ்திரம். புரூஸ் லீ பதின்ம வயதில் ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசிரியரிடம் முறைப்படி விங் சுன் கற்றவர். இது மாஸ்டருக்கும் தெரியும்; இப் மான் படங்களைப் பார்த்துவிட்டுத்தானே மரக்கட்டை தேடி தச்சுப்பட்டறைக்குப் போனார்! தெரிந்தாலும் வாதத்துக்கு உதவாத தகவல் என்பதால் வைத்துக்கொள்வதில்லை.

என்றாலும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு அவருக்கு உண்டு. நிஜ வகுப்பு, நிஜ வாத்தியார், வெள்ளைச் சீருடை. அதற்காகத்தான் அந்த நோட்டீஸைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். கல்யாண மண்டபத்து மாடியில் வாரம் மூன்று நாள் வகுப்பு. நோட்டீஸில் இருந்தவர் மாஸ்டர் அல்ல, கிராண்ட் மாஸ்டர். பெயருக்கு முன்னால் ஒன்றரை வரி, பின்னால் இரண்டு வரி. அவர் கற்பிப்பது எந்த நாட்டுக் கலை என்று கேட்டால், அவரே கண்டுபிடித்தது என்று தெரியவந்தது.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "மாசம் எவ்வளவு?"

மாதக் கட்டணம் என்னவோ கொஞ்சம்தான். அது வாசல்படி. உள்ளே போனால் சேர்க்கைக் கட்டணம், சீருடை, அதன் முதுகில் அச்சடிக்க, அடையாள அட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு. தேர்வுக்குத் தனி, பெல்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி, சட்டம் போட்டு வாங்கினால் இன்னும் தனி. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வண்ணம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அப்புறம் 'மாநிலப் போட்டி'. வயது வாரியாக, எடை வாரியாக, பெல்ட் வாரியாகப் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு பிரிவுக்கு இரண்டே பேர். தோற்றவனுக்கு வெள்ளி. எதிரி வராவிட்டால் தங்கம். மறுநாள் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ். அதற்கும் ஆளுக்கு இவ்வளவு.

அப்பா பேனாவை எடுத்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டினார். "கறுப்பு பெல்ட்டு வாங்குறதுக்குள்ள செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் வாங்கிரலாம்டா" என்றார். கணக்கில் தப்பு இல்லை. பெல்ட்டைக் கராத்தேக்காரர்கள் எடுத்துக்கொண்டதே ஜூடோவிலிருந்துதான். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, யார் கற்றவர், யார் புதியவர் என்று பார்த்தவுடன் தெரிவதற்காக வைத்த ஏற்பாடு அது. நடுவிலுள்ள வானவில் பெரும்பாலும் பின்னால் வந்தது. நேர்மையாக நடத்துகிற வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குத்தக் கற்றுக்கொடுப்பதைவிட வண்ணத்தை விற்பது சுலபம் என்பது கல்யாண மண்டபத்து மாடிகளில் பல வருஷமாகத் தெரிந்த உண்மை.

மாஸ்டர் அன்றிரவு சாப்பிடவில்லை. "காசிருந்தாத்தான் கலை" என்று ஸ்டேட்டஸ் வைத்தார். பின்னணியில் சோகப் பாட்டு.

தம்பிதான் செய்தி கொண்டுவந்தான். அவன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலை ஐந்தரைக்கு ஓர் ஆசான் சிலம்பம் சொல்லித்தருகிறாராம், காசு கேட்பதில்லையாம். மாஸ்டருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கம்பு, வேட்டி, திருவிழா! இதில் எங்கே ஸ்டைல்? இருந்தாலும் போனார். சொந்தக் கம்போடு போனார். அது ஒட்டடைக் கம்பு.

ஆசான் பகலில் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர். விடிவதற்கு முன் மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு நிற்பார். முதல் நாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைப்பதுதான் தட்சணை. அதற்குப்பின் முடிந்தவர் மாதம் ஏதாவது கொடுக்கலாம், முடியாதவர் மைதானம் கூட்டலாம். கம்பு நிமிர்த்தி வைத்தால் நெற்றிப்பொட்டு வரை வர வேண்டும். அதன் விலையும் ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன் செலவுக்குள் அடங்கிவிடும்.

"தம்பி, அந்தக் கம்பை ஓரமா வச்சுட்டு வா. மொத நின்னு காட்டு."

"நிக்கத் தெரியும் ஆசான்."

"இப்ப நிக்கிறியே, இது பஸ்ஸுக்கு நிக்கிறது."

முதல் வாரம் முழுக்கக் காலடிதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பி ஒன்று. கம்பு கைக்கு வரவே இல்லை. மாஸ்டர் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் ஆசானின் அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆசான், வர்மம் மொத்தம் நூத்தியெட்டாமே? தொடுவர்மம் தொண்ணூத்தாறு, படுவர்மம் பன்னெண்டு. எனக்கு அந்தப் பன்னெண்டு மட்டும் போதும்."

ஆசான் பல் குச்சியைத் துப்பினார். "கன்னியாகுமரிப் பக்கம் போய்க் கேளு. அங்க வர்மம் தெரிஞ்ச ஆசானுங்க வைத்தியமும் பாக்குறவங்க. இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித் தரமாட்டாங்க. போ, காலடிய ஒழுங்கா போடு."

அடுத்த வாரம் கம்பு கிடைத்தது. எதிரே ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். இரட்டைச் சடை, பள்ளிச் சீருடைக்கு மேலே பழைய டிராக் பேன்ட். மாஸ்டர் ஆசானைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முட்டியில் ஒரு 'டொக்'. கம்பு கீழே விழுந்தது. "சாரிண்ணே" என்றாள் அவள். எடுத்தார். 'டொக்'. "சாரிண்ணே. கம்பு முனையைப் பாக்காதீங்கண்ணே, என் தோளைப் பாருங்க." தோளைப் பார்த்தார். இந்த முறை கணுக்காலில்.

மாடியில் இத்தனை நாள் காற்றோடு சண்டை போட்டவருக்கு இது புதுச் செய்தி. காற்று திருப்பி அடிப்பதில்லை. தம்பி அடிப்பான், ஆனால் கமர்கட் நின்றுபோகும் என்று பயந்து அடிப்பான். ஆயிரம் வீடியோ இருந்தாலும் அவற்றில் எதிரி என்று ஒருவன் கிடையாது. எதிரியாக நடிப்பவன்தான் உண்டு. கையை நீட்டிவிட்டு, முறுக்கட்டும் என்று காத்துக்கொண்டிருப்பான்.

மறுநாள் மாஸ்டர் மைதானத்துக்குப் போகவில்லை. முட்டி வலி என்றார் அம்மாவிடம். தேர்வு நெருங்குகிறது என்றார் அப்பாவிடம். "அது டிரெடிஷனல் ப்ரோ, ரியல் ஃபைட்டுக்குச் செட் ஆவாது" என்றார் நண்பர்களிடம். அலாரம் ஐந்து மணிக்கு அடிக்கிறது என்ற காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை காசில்லை என்று கண் கலங்கியவர், காசு கேட்காத இடத்தில் பத்து நாள்தான் நின்றார்.

இவரைப் பார்த்துச் சிரிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. காசு ஒரு தடையே இல்லை என்று பேசுவது, காசுள்ளவர்களின் பேச்சு. பள்ளி முடிந்ததும் மளிகைக்கடையில் நிற்கிற பையனுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் பெரிய மலை. ஆசானிடம் அவனும் வருகிறான், கூட்டுகிறான், கற்றுக்கொள்கிறான். ஆனால் சந்தையில் இருபது மூட்டை கூடுதலாக இறக்கி, தன் செலவில் கம்பு வாங்கித்தரும் ஆசான் எத்தனை வருஷம் தாங்குவார்? நீட் கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்கிற அதே வீடுகளிலிருந்துதான் அவரிடம் பிள்ளைகள் வெறுங்கையோடு வருகிறார்கள்.

நம் மாஸ்டரின் கதை அத்தோடு நிற்கவில்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இருந்தது. இந்தச் சேதியை யாரோ டீக்கடையில் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினார்: "ஏன்டா, அந்தக் கம்பை ஏன்டா விட்ட?" இப்போது அலாரம் வைப்பது அப்பா. எழுப்புவதும் அப்பா. மைதானம்வரை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் அப்பா. இரட்டைச் சடைக்காரியிடம் மாஸ்டர் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் 'டொக்' கொஞ்சம் தாமதமாக விழுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு மாஸ்டர் இருக்கக்கூடும். பக்கத்தில் ஆசான் யாரும் இல்லையென்றால், கோடை விடுமுறைக்கு மாவட்ட விளையாட்டரங்கில் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம் அறிவிப்பு வரும். பார்த்துவைத்து, கூட்டிப் போங்கள். வயதைக் கேட்பார்கள், ஆதார் நகல் கேட்பார்கள். என்ன பெல்ட் என்று கேட்க மாட்டார்கள். அவராகச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் காலை லேசாக மிதித்துவிடுங்கள்.