காட்டிக் கொடுத்த பெருங்காயம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். நல்லவேளை, நடுவில் கடல் இருக்கிறது. விஷயம் இதுதான்: கோடியக்கரையில் முப்பது வருஷம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்து, வெளிமானுக்குக் கண்ணி வைத்தவனையெல்லாம் சேற்றில் துரத்திப் பிடித்த உங்களுடைய சொந்த மருமகன், இந்த வருஷம் இரண்டு தடவை மான் வேட்டைக்குப் போய்வந்தான்.

சட்டப்படிதான் மாமா. நம்மூரில் 1972 சட்டம் வந்த பிறகு மான்மேல் கை வைத்தால் ஜெயில். இந்த விஸ்கான்சினில் அரசாங்கமே காசு வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் காட்டுக்குள் இறங்குகிறார்கள். மேல்சட்டையில் பாதியாவது கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சோ ரோஸோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருத்தரை ஒருத்தர் மானென்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது பாருங்கள். மானுக்கு அந்த ஆரஞ்சு சரியாகத் தெரியாதாம், நீலம்தான் பளிச்சென்று தெரியுமாம். நான் முதல் நாள் போட்டுக்கொண்டு போனது நீல ஜீன்ஸ்.

இங்கே மானைக் குறைக்கப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. வடக்கே கொஞ்சம் ஓநாய் உண்டு. வெள்ளைவால் மான் பெருகிப்போய் மக்காச்சோளத்தை மேய்கிறது, ராத்திரியில் கார்மேல் வந்து விழுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். நான் துப்பாக்கியையோ வில்லையோ தொடவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர், பால்பண்ணை வைத்திருந்து மாடுகளை விற்றுவிட்டு இப்போது சும்மா இருக்கிறார். ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நான் சோற்றில் சாம்பாரை ஊற்றியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நம் கடமானுக்கு இங்கிலீஷில் ‘சாம்பர்’ என்று பேர் அல்லவா? எங்கோ படித்திருக்கிறார். இவ்வளவு பெரிய மானை இவ்வளவு சின்னக் கிண்ணத்தில் எப்படி அடைத்தேன் என்று அவருக்குச் சந்தேகம். துவரம்பருப்பு என்று விளக்கி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. ‘நிஜ மானைக் காட்டுகிறேன் வா’ என்றார்.

அவர் நிலம் மேடிசனுக்கு மேற்கே, டிரிஃப்ட்லெஸ் என்று சொல்கிற பகுதியில் இருக்கிறது. ஆதிகாலத்தில் பனிப்பாறை வந்து ஊரையெல்லாம் தேய்த்து மட்டமாக்கியபோது இந்த இடம் மட்டும் தப்பிவிட்டதாம். அதனால் குன்றும் பள்ளமும் ஓடையுமாகக் கிடக்கிறது.

வேட்டை என்றால் ஓட்டம், துரத்தல், ‘விடாதே பிடி’ என்றுதானே நாம் நினைப்போம்? இவர் செப்டம்பரில் ஒரு மத்தியானம் முழுக்க எனக்குக் காட்டியது மான் படுத்து எழுந்த இடங்களை. புல் அமுங்கி, முட்டை வடிவத்தில், நம்மூர் முறத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பள்ளம். உள்ளே நாலைந்து முடி, பக்கத்தில் புழுக்கை. ஒரு பெரிய பள்ளத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இருந்தால் பிணையும் குட்டிகளும். பெரிய பள்ளம் தனியாக, குன்றின் நுனியில் இருந்தால் அது கலை. மானும் மாட்டு ஜாதிபோல அசைபோடுவதுதான். அவசரமாக மேய்ந்துவிட்டு, பத்திரமான இடத்தில் படுத்து, பகல் முழுக்க மென்றுகொண்டிருக்கும்.

அந்த இடத்தை அது தேர்ந்தெடுக்கிற விதத்தைக் கேளுங்கள் மாமா. காற்று மோதாத சரிவில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே படுக்கிறது. பின்பக்கம் வருகிறவனைக் காற்று மூக்கிடம் சொல்லிவிடும். முன்பக்கம் பள்ளத்தில் வருகிறவனைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற, பள்ளத்துக் காற்றும் சூடாகி மேலே வந்து கீழே நடப்பதைச் சொல்லிவிட்டுப் போகும். எங்கள் ஆபீசில் மேனேஜர் கண்ணாடி அறையை எங்கே கட்டிக்கொண்டார் என்று யோசித்துப் பார்த்தேன், இதே கணக்குதான்.

‘படுக்கையறைக்குள் மட்டும் போகாதே’ என்பது பெரியவர் முதல் பாடம். ஒரு தடவை எழுப்பிவிட்டால், அந்தக் கலை பல நாளைக்கு அந்தப் பக்கம் படுக்காது. அதனால் வாசலில் காத்திருக்க வேண்டும். வாசல் எது? அங்கேதான் தண்ணீர் வருகிறது.

அவர் மாடு வைத்திருந்த காலத்தில் வெட்டிய குட்டை ஒன்று குன்றின் இடுப்பில் இருக்கிறது. மேலே படுக்கை, கீழே குதிரைமசால் வயல், நடுவில் குட்டை. குளிர்காலத்திலும் மழை நாளிலும் மானுக்குத் தனியாகத் தண்ணீர் பெரிதாகத் தேவைப்படாது, தழையிலும் பனியிலும் இருப்பதே போதும். செப்டம்பர் புழுக்கத்தில் கதை வேறு. பகல் முழுக்க காய்ந்த தழையை மென்ற வாய், பொழுது சாய எழுந்து சோம்பல் முறித்து, முதலில் தண்ணீருக்குத்தான் வரும். இருட்டும்வரை அங்கேயே சுற்றிவிட்டு அப்புறம்தான் வெட்டவெளி வயலுக்கு இறங்கும்.

நாங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடைத் தண்ணீரிலேயே நடந்து போனோம், தரையில் வாசனை ஒட்டக் கூடாதென்று. ஓக் மரத்தில் இருபதடி உயரத்தில் இரண்டு பரண். இடுப்பில் வார் கட்டி என்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். இரண்டரை மணி நேரம் அசையக் கூடாது. இருமக் கூடாது. கொசு கடித்தால் கடிக்கட்டும். மாமா, கல்யாணத்தில் மணவறைப் புகையிலேயே நான் அவ்வளவு நேரம் உட்காரவில்லை.

ஆறே முக்காலுக்கு வந்தது. சருகில் சத்தமே இல்லை, முன்னால் இல்லாத ஒரு காது மட்டும் புதருக்குள் திரும்பியது. பிறகு கழுத்து, பிறகு முழுப் பிணை. குட்டை ஓரத்தில் குனிவதுபோலக் குனிந்து சடாரென்று நிமிர்ந்தது. ஏமாற்றுகிறதாம்! யாராவது ஒளிந்திருந்தால் அந்த நேரம் பார்த்து அசைவான் என்று சோதிக்கிற வேலை. இரண்டு தடவை அப்படிச் செய்துவிட்டுத்தான் வாயை வைத்தது. அதன் பின்னால், மரநிழலில், கொம்போடு ஒருத்தர் நின்றிருந்தார்.

பெரியவர் வில்லை மெல்ல எடுக்கிறார். அதே நேரம் பொழுது இறங்கி, காற்றும் குளிர்ந்து சரிவில் கீழே வழிய ஆரம்பித்தது. வழிந்த காற்றில் நானும் வழிந்தேன். காலையில் என் வீட்டில் செய்த வத்தக்குழம்பு, தலைக்குத் தேங்காயெண்ணெய், ஜீன்ஸ் பையில் தலைவலித் தைலம். பிணை மூக்கை உயர்த்தியது. முன்னங்காலால் தரையை ஒரு தட்டு. ‘ஃபூ’ என்று பிரஷர் குக்கர்போல ஒரு சீறல். வெள்ளை வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு குடும்பமே கிளம்பிவிட்டது. பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. இறங்கும்போது, ‘உன் சட்டையில் என்ன?’ என்றார். பெருங்காயத்தை இங்கிலீஷில் விளக்குவது பருப்பை விளக்குவதைவிடக் கஷ்டம்.

நவம்பரில் இரண்டாம் தடவை போகும்போது வாசனையில்லாத சோப்பில் குளித்தேன். துணியை ஓக் சருகு போட்ட பெட்டியில் வைத்திருந்தேன். மூன்று நாள் வீட்டில் தாளிப்பு கிடையாது. ‘மானுக்காகப் பத்தியம் இருக்கிற முதல் ஆள் நீங்கள்தான்’ என்றாள் உங்கள் மகள். இந்தத் தடவை பிணைகள் படுக்கிற சரிவின் கீழ்க்காற்றுப் பக்கம் உட்கார்ந்தோம். அது கலைகள் ஜோடி தேடுகிற பருவத்தின் கடைசி. ஒவ்வொரு படுக்கையாகப் போய் எட்டிப் பார்ப்பது கலைக்கு வீண் அலைச்சல். காற்று வந்து சேர்கிற ஓரமாக ஒரு நடை நடந்தால் அத்தனை பேர் வீட்டுச் செய்தியும் மூக்குக்கு வந்துவிடும். காலை பத்தரை மணிக்கு, எல்லா வேட்டைக்காரரும் காபிக்குப் போன நேரத்தில், அப்படி ஒன்று வந்தது. ஒரே குண்டு. விழுந்தது.

சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்கு எழுத என்னால் முடியாது. பெரியவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மாதான் நின்றார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கணக்கில் பதிய வேண்டும், போனிலேயே பதிந்தார். அப்புறம்தான் வேடிக்கை. 2002இலிருந்து இங்கே மான்களுக்கு மூளையை அரிக்கிற ஒரு நோய் தெரிய வந்திருக்கிறது. மனிதருக்கு வந்ததாக இதுவரை இல்லை, ஆனாலும் சோதிக்காமல் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள். அதனால் தலையைக் கழுத்தோடு அறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, சீட்டு எழுதி, சாலையோரத்தில் இதற்கென்றே வைத்திருக்கிற பெட்டியில் போட வேண்டும். போகும் வழியெல்லாம் அந்தப் பை என் மடியில். ஒரு போலீஸ் வண்டி பின்னால் வந்தபோது எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து நோய் இல்லையென்று முடிவு வந்தது. எங்கள் பங்குக்கு இரண்டு கிலோ. கொழுப்பே இல்லாத கறி, மிளகு வறுவல் செய்தாள். பெரியவர் மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ‘அந்த நாற்றப் பொடி இதில் இருக்கிறதா?’ என்றார். இருந்தது.

அத்தையிடம் கறி சாப்பிட்டதைச் சொல்ல வேண்டாம். அடுத்த பார்சலில் கட்டிப் பெருங்காயம் இரண்டு டப்பா வையுங்கள், ஒன்று பெரியவருக்கு. கோடையில் காட்டுக்குள் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோன வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவீர்களே, அந்தத் தொட்டிகளை இப்போதும் நிரப்புகிறார்களா? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்