இன்பாக்ஸில் இசையமைப்பாளர்: முறையாக ஏமாற ஒரு கையேடு

ஏமாறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அரைகுறையாகச் சந்தேகப்பட்டு, நடுவில் மச்சினனிடம் யோசனை கேட்டு, கடைசி நேரத்தில் பணம் அனுப்பாமல் பின்வாங்குகிறவர்களால் எதிர்த்தரப்புக்கு எவ்வளவு நேர விரயம்! ஃபேஸ்புக்கோ வாட்ஸப்போ டெலிகிராமோ, திரையிசை ரசிகர் குழு எங்கே இருக்கிறதோ அங்கே பிரபலத்தின் படத்தை டிபியாக ஒட்டிக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு ஒத்தாசையாக ரசிகப் பெருமக்களுக்குச் சில யோசனைகள்.

1. முதலில் தகுதியை வளர்த்துக்கொள்ளுங்கள்

சும்மா பாட்டுக் கேட்கிறவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ராஜாவா ரஹ்மானா சண்டையில் நள்ளிரவு தாண்டியும் நீங்கள் களத்தில் நிற்க வேண்டும். ‘இரண்டாவது இண்டர்லூடில் வயலினுக்கு அடியில் ஓடுகிற பேஸ் கிதாரைக் கேட்டிருக்கிறீர்களா? அதெல்லாம் உங்களுக்கெங்கே புரியப்போகிறது’ என்று நாலு பத்தி எழுத வேண்டும். மறுநாள் காலை இன்பாக்ஸில் செய்தி வரும்: ‘நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த பேஸ் கிதாரை இத்தனை வருஷத்தில் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான்.’

நீங்கள் எழுதியதையே உங்களிடம் திருப்பி ஒப்பித்திருக்கிறார், அவ்வளவுதான். அதைக் கவனிக்கவே கூடாது. காலமெல்லாம் அவரை நாம் கேட்டோம், இன்றைக்கு அவர் நம்மைக் கேட்கிறார் என்று கண் கலங்க வேண்டும். இனி வரப்போகிற படிகள் எல்லாம் இந்தக் கண்ணீரின் மேல்தான் நிற்கின்றன.

2. பெயரை உற்றுப் பார்க்காதீர்கள்

கணக்கின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அதன் பின்னால் ‘அஃபிஷியல்’, அதற்கும் பின்னால் ‘பிரைவேட்’. ஒரே கணக்கு அதிகாரபூர்வமாகவும் அந்தரங்கமாகவும் எப்படி இருக்கும் என்று கேட்பது ரசிகனுக்கு அழகல்ல. கணக்கு போன மாதம்தான் தொடங்கப்பட்டது என்றால், ‘மேனேஜருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன்’ என்பார். அவர் படும் பாட்டை நினைத்து உருகுங்கள்.

நீல டிக் விஷயத்தில் சற்று வரலாறு உதவும். 2009-இல் ட்விட்டரில் தன் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார் என்று ராப் பாடகர் கான்யே வெஸ்ட் கொதித்தார். அமெரிக்க பேஸ்பால் அணியின் மேலாளர் டோனி லா ரூசா வழக்கே போட்டார். அந்த ஆண்டுதான் சரிபார்த்த கணக்குகளுக்கு அங்கே டிக் வந்தது. 2022 நவம்பரில் மாதம் 8 டாலர் கட்டினால் டிக் என்று ஆனதும் போலிகள் டிக்கோடு உலா வந்தார்கள். சில நாளிலேயே விற்பனையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆகவே, டிக் இருந்தால் அவரேதான் என்று நம்புங்கள். இல்லையென்றால், என்ன எளிமை என்று நம்புங்கள்.

3. குரலைக் கேட்டதும் சரணடையுங்கள்

‘சார், ஒரு வரி பாடி அனுப்புங்களேன்’ என்று கேட்பதுதான் உங்கள் கடைசிப் பரீட்சை. வாய்ஸ் நோட் வரும். அதே குரல், அதே குழைவு! ‘லால் சலாம்’ (2024) படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்தார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் யுவன், மறைந்த அக்கா பவதாரிணியின் குரலை அப்படியே கொண்டுவந்தார். இதையெல்லாம் குழுவில் பகிர்ந்து ‘புல்லரிக்குது’ என்று எழுதியவர் நீங்கள்தான். ஆனாலும் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்த குரல் மட்டும் தொண்டையிலிருந்தே வந்தது என்பதில் உறுதியாக இருங்கள். வீடியோ கால் கேட்டால் ‘ஸ்டுடியோவில் சிக்னல் இல்லை’ என்பார். செய்தி அனுப்ப மட்டும் சிக்னல் எப்படிக் கிடைக்கிறது என்பது நமக்கெதற்கு?

4. பணம் வெறும் சம்பிரதாயம்

இரண்டு வாரம் ‘சாப்பிட்டீர்களா’ என்று விசாரித்த பிறகு விஷயம் வரும். அடுத்த படத்தில் கோரஸ் பாட உங்களுக்கு ஓர் இடம். பதிவுக் கட்டணம் 2,999 ரூபாய். அல்லது நேரில் சந்திக்க விஐபி அட்டை. யுபிஐயில் எண்ணைப் போட்டதும் திரையில் பெறுபவரின் பெயர் வரும். உங்கள் இசையமைப்பாளரின் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ‘அது என் அக்கவுண்டன்ட்’ என்பார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று பெரியவர்கள் கேட்டது, வேறு யாரையோ பார்த்து.

இந்த நேரத்தில் பழைய செய்திகளைப் படித்துவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் சென்னையில் நடந்த ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். ரஹ்மான் தன் எக்ஸ் கணக்கில் ஊரறிய எழுதினார்; ரசிகரிடம் அவர் கேட்டது பணத்தை அல்ல, டிக்கெட்டின் நகலை. இதைப் படித்தால், நிஜமானவர்கள் பணப் பேச்சை எங்கே, எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒப்பிடத் தோன்றும். ஒப்பிட்டால் காரியம் கெட்டுவிடும்.

5. மூச்சு விடாதீர்கள்

‘குழுவில் சொன்னால் எல்லோரும் தொந்தரவு செய்வார்கள்’ என்பார். நியாயம்தானே? அதே பேஸ் கிதார் பாராட்டு, பாட்டின் பெயர் மட்டும் மாறி, குழுவில் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பது தெரிந்தால் மனம் தாங்காது. அட்மினிடம் காட்டவே காட்டாதீர்கள். அவர் டிபியை கூகிளில் தேடி, எந்தப் பேட்டியிலிருந்து வெட்டியது என்று சொல்லிவிடுவார்.

6. ஏமாந்த பிறகு

முதல் வேலையாக அரட்டை முழுவதையும் அழித்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் பரிவர்த்தனை எண்ணும் இருந்தால் போலீசார் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பொறுமையில்லாத சிலர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டு, பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுமுன் நிறுத்தப் பார்க்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு வேறு இருக்கிறது: கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களைப் பாராட்டிய ஒரே மனிதரை உள்ளே தள்ள மனம் வருமா?

அதற்குப் பதிலாக, நடந்ததைக் குழுவில் புலம்பி எழுதுங்கள். மறுநாள் காலை இன்பாக்ஸில் இன்னொருவர் வருவார். ‘உங்கள் பதிவைப் படித்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை. போன பணத்தை மீட்டுத் தருகிறேன்.’ டிபியில் காக்கிச் சட்டை இருக்கும். முன்பணம் 4,999 ரூபாய்.