தெர்ஹாட் மலை

பீடோர் பாசாரில் எங்கே நின்று கிழக்கே பார்த்தாலும் தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். அதன் வரைபடம்தான் அந்தக் காலத்தில் கண்ணில் படாது.

எண்பதுகளில் மூன்றாம் படிவப் புவியியல் வகுப்பில் நிலவரைபடம் படிக்கக் கற்றோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுப் படம். ஏதோ ஊர், ஏதோ ஆறு. கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. ஆறு இலக்கத்தில் பள்ளிவாசலைக் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். ஜன்னலுக்கு வெளியே நின்ற மலையோ நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களில் பத்திரமாக இருந்தது. தாளின் மேல் ‘தெர்ஹாட்’, அதாவது கட்டுப்படுத்தப்பட்டது, என்ற முத்திரை. வேண்டுமென்றால் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மலாயாக் கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்ததே 1989 டிசம்பரில்தான் என்பதால் அரசாங்கத்தின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. காட்டுக்குள் இருந்தவர்களுக்குப் படம் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்திறங்கிய பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இன் துரைமார்கள்கூட பீடோருக்கு மேலே மலையில் முகாம் போட்டது, கூட்டிப் போக ஆள் இருந்ததால்தான்.

பால்மரம் வெட்டிய அப்பாவிடம் படம் வேண்டும் என்றேன். “அதான் மலை தெரியுதே, படம் எதுக்கு?” என்றார்.

சாரணர் படையில் திசைகாட்டி இருந்தது. கூடவே இங்கிலாந்துக் கையேடு ஒன்று. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இத்தனை பாகை கூட்டு, இத்தனை பாகை கழி என்று அதில் நீளமான கணக்கு. மனப்பாடம் செய்தோம். மலாயாவில் அந்த வித்தியாசம் ஒரு பாகைகூட வராது. எங்கள் கைப்பிடித் திசைகாட்டியில் அது தெரியவே தெரியாது. இருந்தாலும் கழித்தோம், துரை சொல்லியிருக்கிறாரே! 2022 நவம்பரில் இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் உண்மை வடக்கு, காந்த வடக்கு, வரைபட வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்ததாகச் செய்தி படித்தேன். பீடோர்க்காரனுக்கு எப்போதும் இருந்த சௌகரியம் அவர்களுக்கு அன்றுதான் வாய்த்தது.

மலையில் ஏறியபோது அந்தப் பாடமெல்லாம் பாதிக்கு மேல் உதவவில்லை. தூரத்துச் சிகரத்தைக் குறிவைத்துக் கோணம் எடு என்கிறது கையேடு. எங்கள் காட்டில் சிகரம் எங்கே தெரிகிறது? இருபது அடிக்கு அப்பால் பிரம்புப் புதர். ஏறும்போது முகடு எங்கே போகிறதோ அங்கே போனோம். இறங்கும்போதுதான் கவனம். ஒரு முகடு இரண்டாகப் பிரியும் இடத்தில் கால் தானாக அகலமான பக்கம் போகும். அங்கே முள்ளைப் பார்த்தால் போதும். திசைகாட்டியின் முக்கால்வாசிப் பயன் அதுதான். உயரக்கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்று என்பதால் பதினைந்து மீட்டர் மேடு தாளில் ஏறாமலே போய்விடலாம், காலுக்கு மட்டும் அது தெரியும். மலை ஏற யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

இப்போது வரைபடத்துக்குப் பஞ்சமில்லை. தங்கை மகனின் ஃபோனில் ஒவ்வொரு ஓடையும் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் நீலப்புள்ளி நகர்கிறது. பூட்டு மலைக்கு மாறிவிட்டது. வனத்துறை அனுமதி, அடையாள அட்டை எண், பதிவு பெற்ற மாலிம் குனோங் எனும் மலை வழிகாட்டி. ஆட்கள் தொலைந்துபோகும் செய்திகளைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஃபோன் இருக்கும் தைரியத்தில்தான் பலர் பாதையை விட்டு இறங்குகிறார்கள்.

போன முறை முகடு பிரியும் இடத்தில் பழக்கதோஷத்தில் திசைகாட்டியை எடுத்தேன். “மாமா, இதுலயே காம்பஸ் இருக்கு,” என்று தங்கை மகன் ஃபோனைப் பக்கத்தில் நீட்டினான். உள்ளே ஒலிபெருக்கிக் காந்தம் இருக்கிறதல்லவா, முள் வடக்கை விட்டு ஃபோனைப் பார்த்துத் திரும்பியது. மாலிம் இரண்டையும் பைக்குள் போடச் சொன்னார், மழை வருகிறதாம்.